சேதமடைந்த விதம்

படிவத்தில் ஒன்பதாம் கட்டம்:
சேதமடைந்த விதத்தைச் சுருக்கமாக எழுதுக.
மூன்று கோடுகள் போட்டிருக்கிறீர்கள், கான்சல் ஐயா.
மூன்று கோட்டில் முடிகிற காரியமா இது?

பெர்காமோ ரயிலடிக்குப் பின்னால்
ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை எனக்கு.
பெயர் நில்டா சோக்கே, ஊர் கொச்சபம்பா,
அதெல்லாம் முதல் கட்டத்திலேயே இருக்கிறது.
துணி எந்திரத்துக்குள் போகும்முன்
பைகளைத் துழாவிப் பார்ப்பது என் பொறுப்பு,
இது எந்தக் கட்டத்திலும் இல்லை.

பதினோரு வருடத்தில்
கம்மல் எடுத்திருக்கிறேன், கார் சாவி எடுத்திருக்கிறேன்,
ஒருமுறை கைக்குட்டையில் முடிந்த பல் ஒன்று.
யாரும் கேட்டு வரவில்லை.
டென்மார்க்காரர் ஒருவரின் பாஸ்போர்ட்டை
போர்வைச் சுருளிலிருந்து பிடித்து
ஈரம் படாமல் மாடிக்கு ஓடினேன்.
எழுந்து நின்று கைகுலுக்கினார்.

அந்தக் கைதான் போன செவ்வாய்க்கிழமை
என் ஏப்ரனை எந்திரத்தில் திணித்தது.
அறுபது டிகிரி. வெளுப்பான் இரண்டு மூடி.
உள்பையில் நான்.

ஏப்ரனில் ஏன் வைத்தாய் என்பீர்கள்.
மதியம் வங்கிக்குப் போக இருந்தேன்.
ஏன் போகவில்லை என்றால்
முப்பத்திரண்டு அறை ஒரே பேருந்தில் காலியானது.
இதையும் எழுதலாமா?

வட்டக் கண்ணாடிக்குள்
கருஞ்சிவப்பாய் ஏதோ புரண்டது.
எவளோ வெள்ளையோடு சாயத்துணி போட்டுவிட்டாள் என்று
திட்டிக்கொண்டே குனிந்தேன்.
பூட்டிய கதவு நேரம் முடியாமல் திறக்காது, ஐயா.
இன்னும் முப்பத்தெட்டு நிமிடம்.
நின்று பார்த்தேன்.

வெளியே வந்ததில் என் முடி இருந்தது, முகம் இல்லை.
மட்ரிட் முத்திரை எதிர்ப் பக்கத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது.
எண் மட்டும் அப்படியே,
ஊசித்துளையாய், பக்கம் பக்கமாய்.
துளையைத் தண்ணீர் என்ன செய்யும்?
கடைசித் தாள்களின் பொன்னிறம் தண்ணீரால் வந்ததல்ல.
மெல்லிய துண்டு விரித்து
நான்தான் இஸ்திரி போட்டேன். தொழில் புத்தி.

போலீசில் புகார்ச் சீட்டு கேட்டேன்.
தொலைந்ததா? கையில் இருக்கிறதே.
திருட்டா? யார், எந்திரமா?
துவைத்ததற்கு அவர்களிடம் படிவம் இல்லை.
நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
போய்த் தொலைத்துவிட்டு வாருங்கள்.

செரியோ ஆற்றுப் பாலத்தில்
இரண்டு பேருந்தை விட்டுவிட்டு நின்றேன்.
இன்னொருமுறை அதை நனைக்க
மனம் வரவில்லை.

இன்று உங்கள் ஜன்னல்.
பழுது, இழப்பு இரண்டுக்கும் கட்டணம் ஒன்றுதான் என்று
கண்ணாடிக்கு அப்பாலிருந்து ரோமுலோ சொன்னார்.
புதுப் படத்தில் சிரிக்காமல் இருந்தேன். எளிதாகத்தான் இருந்தது.
கையெழுத்தில்தான் நின்றுவிட்டது.
ஆறு வருடம் முந்தையதோடு ஒத்துப்போகவில்லையாம்.

அது முழுப்பெயராய் நீண்டு படுத்திருக்கும்,
வாலில் ஒரு சுழி, சுழிக்குள் ஒரு புள்ளி.
எங்கிருந்து வந்ததோ அந்தப் பகட்டு.
அறைச் சீட்டு, சோப்புச் சீட்டு, சம்பளச் சீட்டு,
போட்டுப் போட்டு
கொதிநீரில் விட்ட கம்பளிபோல்
இப்போது இத்தனூண்டு ஆகிவிட்டது.

திரையை என் பக்கம் திருப்பக் கூடாதாம்.
அரை நிமிடம் திருப்பினார்.
இந்த வரியை அடித்துவிடுகிறேன், அவர் பிள்ளைகுட்டிக்காரர்.
வரிசைச் சீட்டின் முதுகில்
பத்தொன்பது முறை பழகினேன்
என் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட.

ஒன்பதாம் கட்டத்தில்
தவறுதலாகத் துவைக்கப்பட்டது
என்று எழுதச் சொன்னார்.
நான் துவைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன்.
மீதி இரண்டு கோடு காலி.

இருபதாவது கையெழுத்து கீழே.
புள்ளியைக் கவனியுங்கள், ஐயா,
சரியாக விழுந்திருக்கிறது.