றோட்டுக்கு வெளியே

அறுபத்தெட்டாம் ஆண்டு லான்ட்றோவர்.
நீர்ப்பாசனத் திணைக்களம் ஏலத்தில் விட்டு
யார் யாரோ ஓட்டி, கடைசியில் மல்லாவியில்
ஒரு கோழிக்கூடாக நின்றது.
கோழிகளுக்கு வேறிடம் கட்டிக்கொடுத்த பிறகுதான்
வித்தவர் சாவியைத் தந்தார்.

நிமலதாசன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான்.
வெள்ளைக்குக் கீழே பச்சை.
பச்சைக்குக் கீழே இலைபோல வேறொரு பச்சை.
அதற்கும் கீழே திணைக்களத்தின் சாம்பல்.
"என்ன நிறம் அடிப்பம்?"
"ஒண்டும் வேண்டாம். அலுமினியம்தானே, கறள் பிடிக்காது."

காபரேற்றருக்குள்
ஒரு மூடி பெற்றோல் காட்டிக் கிளப்பி
மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் ஓடின காலம்
கறுப்பாகப் படிந்து கிடந்தது.
ஊசியால் கிண்டிப் பார்த்தோம். பிறகு
எஞ்சினையே தூக்கி வைத்துவிட்டு
இசுசு டீசல் ஒன்றை இறக்கினோம்.

வில்தகடு இரண்டு அங்குலம் உயர்ந்தது.
கிளிநொச்சியிலிருந்து பல்லுப் பெருத்த ரயர் நாலு,
கடனுக்கு.
குழாய்க்கிணறு அடிக்கிறவரின் பழைய வின்ச்.
கல்வனைஸ் குழாயை வளைத்துக் கண்ணாடியோரம் ஏற்றி
"இனிக் கழுத்தளவு தண்ணியிலும் மூச்சு விடும்" என்றான்.
முன் பம்பருக்கு வெல்டிங் நான் பிடித்தேன்.
என் கோடு பிசகாது.
ஏழு வருடம்
சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராக நிலம் பார்த்த கை.

முழங்காலில் நின்று, முகக்கவசத்துக்குள் வியர்வை ஒழுக,
நாளுக்கு ஐந்து சதுரமீற்றர்.
நல்ல நாளென்றால் எட்டு.
சிவப்புத் தடிக்கு அங்கால் கால் வைக்காதே.
மண்டையோட்டுப் பலகைப் பக்கம் மாடு போனால்
மாட்டை விடு.
றோட்டை விட்டு இறங்காதே.
பிள்ளைகள் மூத்திரம் பெய்யவும்
தாரிலேயே நின்ற ஊர் இது.

இப்போது கொழும்பிலிருந்து ஆட்கள் கேட்கிறார்கள்,
றோட்டே இல்லாத இடமாய்ப் பார்த்துக் கூட்டிப்போக.
அதற்குக் காசும் தருவார்களாம்.

முதல் ஓட்டம் ஆனியில்.
ஒட்டுசுட்டான் தாண்டி, துப்புரவாக்கி முடிந்ததென்று
கையெழுத்தான காடு.
அந்தத் தாளில் பதினோராவது வரியில் என் பெயரும் உண்டு.
தார் முடிகிற விளிம்பில்
நாலு சில்லுக்கும் இழுவை கொடுத்தேன்.
"இறக்கும்" என்றான்.
கால் பிரேக்கில்.
எஞ்சின் நின்ற இடத்தில் குடுகுடுத்தது.
"வாகனம் பழுதோ, நீர் பழுதோ?"

முதலில் இடது முன்சில்லு இறங்கியது.
பிறகு மற்றது.
வீரைக் கொப்பு கதவை நீளத்துக்குக் கீறியது,
பூச்சு இல்லாததால் கவலையும் இல்லை.

வற்றத் தொடங்கிய சின்னக்குளம்.
மேலே வெடித்துக் காய்ந்த பொருக்கு.
நம்பினோம்.
கீழே களி.
உயர்த்தின வில்தகடு, பெருத்த ரயர், இசுசு,
எல்லாம் ஒன்றுசேர்ந்து சுழன்று
தள்ள இறங்கின நிமலதாசனின் முகத்தில்
சேற்றை அடித்தன.
அச்சுவரை தாண்டு நின்றது.

வின்ச் இருக்கிறது. கட்டுவதற்கு மரம் வேண்டும்.
கரையில் ஒரு பாலை. நாற்பது அடி இருக்கும்.
கொளுக்கியைத் தூக்கிக்கொண்டு நான்தான் நடந்தேன்.
காய்ந்த புல், யானை இலத்தி,
கறள் பிடித்த ரின் ஒன்று.
ரின்னில் நின்றேன்.
மீன்ரின்தான்.
அடிக்கு அடி கீழே பார்த்தேன்,
பிறகு எந்த இடத்திலோ
பார்க்க மறந்துபோனேன்.
மறந்தது மரத்தடியில்தான் தெரிந்தது:
அண்ணாந்து நிற்கிறேன்,
வாயைத் திறந்துகொண்டு.
பழம் அப்படிக் காய்த்திருந்தது.

மரத்துக்கு நோகாமல் பழைய சீற்பெல்ற் சுற்றிக்
கொளுக்கியை மாட்டினேன்.
"கட்டியாச்சோ?" என்று கத்துகிறான்.
பாலைப்பால் உதடு இரண்டையும் ஒட்டிவிட்டது.
கையை ஆட்டிவிட்டு விலகினேன்.

கம்பி விறைத்தது.
சேறு பெரிதாக ஒரு முத்தம் கொடுத்து
லான்ட்றோவரை விட்டது.
மரம் குலுங்கி மிச்சத்தைக் கொட்டியது.
அவனுக்கும் கொஞ்சம் பொறுக்கினேன்,
கையை வைத்து,
நிலத்திலிருந்து.