பின்சீற்

எட்டரைக்கு இஞ்ஞாசி ஓட்டோவைக் கொண்டுவந்து
கொட்டகைக்குள் விடுவார்.
அவர் கையலம்பிப் புட்டுக்கு முன்னால் இருக்க
நான் பின்சீற்றில் ஏறி
மழைச்சீலையை இரண்டு பக்கமும் இறக்கிவிடுவேன்.
சீற்றுக்குக் கீழே எஞ்சின் சூடு ஆறியிருக்காது.
அன்றைக்கு ஏறி இறங்கினவர்களின் மணமும்:
கருவாட்டுச் சரை, பவுடர்,
யாரோ மடியில் வைத்திருந்த வெங்காயத்தாள்.
கிற்றாரின் கழுத்து ஒரு பக்கத்தால் வெளியே நீட்டும்.
அதுக்கென்று சீலையில் ஒரு கிழிசல்
கடவுள் புண்ணியத்தில் முன்பே இருந்தது.

வீட்டுக்குள் இடமில்லை என்று சொன்னால் பொய்.
ஒரு அறை இருக்கிறது, பன்னிரண்டுக்குப் பத்து.
சுவிஸில் இருக்கிற சின்னம்மாவின் அறை, பூட்டினபடி.
பொலித்தீன் கழற்றாத மெத்தை,
ஒருநாளும் குளிராத குளிர்சாதனப் பெட்டி,
மூன்று வருடத்துக்கு ஒருக்கா வந்து
மூன்று கிழமை படுத்தெழும்பும் கட்டில்.
போன ஆவணியில் திரும்பும்போது
பெட்டி நிறை கூடிப்போச்சென்று
பெடியனின் கிற்றாரை என் கையில் தந்தார்கள்.
திறப்பைத் தரவில்லை.
வட்ஸப்பில் கேட்டேன்:
‘பின்னேரத்தில் ஒரு அரைமணித்தியாலம், சின்னம்மா.’
இரண்டு சரியும் நீலமாகி
எட்டு மாதம்.

ஹோலில் மாமி செபமாலை சொல்லுவா.
என்ர ஒரு கோட் விழுந்தால்
அருள் நிறைந்த மந்திரம் பாதியில் நின்று
திரும்ப முதல் மணிக்குப் போகும்.
அனோஜுக்கு மார்கழியில் சோதனை.
அவன் ஒன்றும் சொல்லமாட்டான்,
காதுக்குள் பஞ்சை மட்டும்
எனக்குத் தெரியிறமாதிரி வைப்பான்.
குளியலறை நல்ல இடம்தான்.
என் விரல்களுக்குக்கூட மரியாதை தரும் எதிரொலி.
ஆனால் நாலு பேருக்கு ஒரு கதவு,
எவ்வளவு நேரம் பூட்டி வைத்திருக்கலாம்?
கிணற்றடியில் ஒருநாள் இருந்து பார்த்தேன்.
செலஸ்ரினின் நாய் என்னோடு சேர்ந்து அழுதது.
அது மட்டும் சுருதியில்.

நாற்பத்திரண்டு வயதில் இது எதுக்கு என்று
போட்டோக்கொப்பிக் கடையில் கேட்டார்கள்.
நாள் முழுக்க ஊராரின் பிறப்புப் பத்திரங்களைப்
பிரதி எடுக்கிற கை இது,
என்று தொடங்க வந்து
‘சும்மா’ என்றேன்.

ஜி வரும். சி வரும். எஃப் வராது.
ஆறு கம்பியையும் ஒரு விரலால் அமத்தினால்
ஒன்று எப்போதும் செத்துக் கிடக்கும்.
ஒழுங்கையால் போறவர் சீலையைத் தட்டி
‘ஓட்டோ வருமோ தங்கச்சி?’ என்பார்.
‘வராது அண்ணை, பழகுது.’

போன வியாழன் ஒன்பதரைக்குத் தட்டினது செலஸ்ரின்.
சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தான்.
மனிசிக்கு நோ தொடங்கிட்டுது.
நான் குதித்தேன், இஞ்ஞாசி சாரத்தோடு ஓடிவந்தார்,
றொசில்டாவை ஏற்றி, பையை ஏற்றி,
கிற்றாரை இறக்க ஒருவருக்கும் நினைவில்லை.
சீற்றுக்குப் பின்னால் ஸ்பெயார் ரயரோடு
அதுவும் பெரியாஸ்பத்திரிக்குப் போனது.

விடியச் சொன்னார்:
குழிக்குக் குழி அது தானாய் அதிர்ந்ததாம்.
றொசில்டா பல்லைக் கடித்துக்கொண்டு
‘அக்கா இதைவிட மோசமாய் எல்லோ அடிக்கிறவ’ என்றாளாம்.
பழைய பூங்காவடியில் சிரித்தாளாம்,
பிறகு கத்தினாளாம்.
பெட்டை. மூன்று கிலோ நூறு.

பின்சீற்றைக் கழற்றிக் கழுவி
மதிலில் காயப்போட்டிருக்கிறார்.
இன்னும் ஈரம்.
இன்றைக்கு முன்னுக்கு, அவருடைய இடத்தில் இருந்து
ஹாண்டிலுக்கும் வயிற்றுக்கும் இடையில்
கிற்றாரைச் செருகி
சுருதி கூட்டுகிறேன்.
ஆறு கம்பியும் ஆறு ஊரில் நிற்கின்றன.
எஃப் பிடிக்க வளைத்த முழங்கை
ஹோனில் பட்டு
கொழும்புத்துறை முழுக்கக் கேட்கிறது.
உள்ளே மாமி
முதல் மணிக்குப் போகிறா.