ஐந்து துண்டு

களுவாஞ்சிகுடி வலயக் கல்விப் பணிமனை, மேல்மாடி.
நாற்பத்திரண்டு விடைத்தாள், ஒரு சிவப்புப் பேனா,
நினைத்தால் மட்டும் சுற்றுகிற மின்விசிறி.
வினா ஆறு:
மத்திய கால இறுதியில் ஐரோப்பாவில்
தேசிய முடியாட்சிகள் எழுந்தமைக்கான காரணங்களை விளக்குக.

புள்ளித் திட்டம் என் முழங்கையின் கீழ்.
பீரங்கி வந்தது, பிரபுவின் மதில் சரிந்தது: மூன்று.
நிலையான படை, அதற்கு நிலையான வரி: மூன்று.
பிரபுக்கள் தங்களுக்குள் வெட்டி மாய்ந்தார்கள்: இரண்டு.
வணிகர்களின் ஆதரவு: இரண்டு.

வணிகர்களின் ஆதரவு.
எல்லாப் பிள்ளையும் எழுதியிருக்கிறது
மனனம் செய்த அதே மூன்று சொல்லில்.

எனக்கு அப்போது பத்தொன்பது.
சம்மாந்துறை ஆதம்பாவா முதலாளியின் லொறியில்
நெல்மூட்டைக்குக் கணக்கெழுதுகிறவன்.
வெல்லாவெளியில் ஏற்றினால்
மட்டக்களப்புக்குப் போய்ச் சேரமுன் ஐந்து தடை.
ஐந்து துவக்கு, ஐந்து கொடி,
ஐந்து விதமான ‘இறங்கு’.
ஒருவன் தந்த துண்டை மற்றவன் கண்டால் அடி.
ஆகையால் ஒன்று சட்டைப்பைக்குள், ஒன்று செருப்புக்குள்,
ஒன்று முதலாளியின் தொப்பிக்குள்,
மற்ற இரண்டும் சாக்கு வாயில், தைத்து.
எது எங்கே என்று மறந்த நாளில்
பட்டிருப்புப் பாலத்தடியில்
பொழுது சாயும்வரை முழங்காலில் இருந்தேன்.

லுவார் நதியிலும் அப்படித்தானாம்.
வளைவுக்கு வளைவு ஒரு பிரபு,
பிரபுவுக்குப் பிரபு ஒரு சுங்கம்,
நின்று நின்று போன உப்புப் படகுகள்.

அன்று இரவு முதலாளி
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி சொன்னார்:
“ஒரு கள்ளன் காணும் மனே.
ஆரெண்டாலும் சரி. ஒருத்தன்.”
அது வாழ்த்து இல்லை.
கணக்கு.

ஒருவன் வந்தான்.
துண்டு ஒன்றாயிற்று,
அச்சடித்து, முத்திரை குத்தி, மூன்று பிரதியில்.
அதைக் காண முதலாளி உயிரோடிருந்தார்.
தொகையைப் பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்து
மறுபடி பார்த்தார்.
பழைய ஐந்தையும் மனதுக்குள் கூட்டியிருப்பார்.
எவ்வளவு வந்தது என்று எனக்குச் சொல்லவில்லை.

சுட்டெண் 0417.
சேற்றில் கொக்கு நடந்த மாதிரி எழுத்து.
கடைசிப் பந்தி திட்டத்தில் இல்லை:
‘மக்கள் அரசனை விரும்பியதால் அல்ல,
மற்றவர்களால் களைத்துப் போனதால்.
பிறகு அவனாலும் களைத்தார்கள்.
அது அடுத்த அலகில் வரும்.’

இந்தப் பிள்ளை பிறந்தபோது தடைகளே இல்லை.
யாருடைய தொப்பிக்குள் இருந்து எடுத்தது இதை?

பிரதம பரீட்சகர் கேட்பார், எந்த வரிக்கு இந்தப் புள்ளி என்று.
கீழே றோட்டில் நெல் லொறியொன்று
கியர் மாற்றி, நிற்காமல் போகிறது.
என் காது மட்டும்
பிரேக் சத்தத்துக்கு இன்னும் காத்திருக்கிறது.

ஒன்று என்று போடுகிறேன்.
வெட்டி, மூன்று என்று எழுதுகிறேன்.
திருத்தினால் பக்கத்தில் கையொப்பம் வேண்டும்.
வைக்கிறேன்.