மூன்றாம் எண் உலர்த்தி

டுலூத்தில் ஜனவரி. ஏரி கல்லாய்க் கிடக்கிறது.
சலவைக்கடை இயந்திரங்களின் வயிற்றைத் திறந்து
கால் டாலர்களைக் கொட்டுகிறாள் வில்மா கோர்ப்பி.
ஒரு கண் மூடி, மறு கண்ணில் லென்ஸ்.

எழுத்து இரண்டாய்த் தெரிந்தால் துள்ளக்கூடாது.
தட்டையாய் வழிந்திருந்தால் அச்சு அசைந்த நிழல்,
சல்லிக்காசு பெறாது.
முனை பிளந்து மீன்வாலாய் நின்றால்
அச்சிலேயே பிசகு.
இதைப் படிக்க அவளுக்கு ஓராண்டும்
நாற்பது டாலர் தபால் செலவும் ஆயிற்று.

இன்று ஒன்று,
விளிம்பு உள்ளே சுருண்டு, தடித்து,
வளையம் போட்டதுபோல்.
பனியில் வண்டி வழுக்க வழுக்க
நாணயக்கடை ஹால்வரிடம் நீட்டினாள்.
அவன் புரட்டக்கூட இல்லை.

"உலர்த்தியில் சிக்கி வருஷக்கணக்காய் உருண்டது இது.
வெளியே வந்து பட்ட அடிக்கு விலையில்லை, வில்மா.
பிறக்கும்போதே கோணியிருக்கணும்."

கடைக்குத் திரும்பினாள்.
மூன்றாம் எண்ணில் யாருடைய போர்வையோ
சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.
போன வாரம் வரை உள்ளே கடகடவென்று ஏதோ.
நூறு டாலருக்குப் பயந்து
மெக்கானிக்கைக் கூப்பிடாமலே விட்டிருந்தாள்.

போர்வை நின்றதும்
அதே துவாரத்தில் அந்தக் காசைப் போட்டாள்.
துப்பியது.
துடைத்து, மறுபடி போட்டாள்.