இரண்டாவது கம்பி

ஆயிரம் என்று சொல்லி விற்றார்கள்.
மாதம் தொண்ணூற்றைந்து டாலர், வரி தனி.
என் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்தது
நாற்பத்தொன்று.

கம்பெனிக்காரன் போனில் மரியாதையாகத்தான் பேசினான்.
எங்கள் பெட்டிவரை ஆயிரமும் வந்துவிட்டது, மேடம்,
அதற்குப் பிறகு உங்கள் வீடு.

அதற்குப் பிறகு என் வீடுதான்.
வினிபெக், சார்ஜென்ட் அவென்யூ, மூன்றாம் மாடி.
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
இரும்பு ஹீட்டர் இரவெல்லாம்
தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும் இரண்டு அறை.

ரவுட்டர் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது.
நன்மாறன் வைத்தது.
"லைட் கண்ணைக் குத்துது."
நவம்பரிலிருந்து எதுவும் அவர் கண்ணைக் குத்துகிறது.
எவர்சில்வரைத் துளைத்துக்கொண்டு
அலை எப்படி வரும்?
தூக்கி அலமாரி உச்சியில்
பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஐம்பத்தெட்டு.
அவரால் ஆனது அவ்வளவு.

அப்புறம் பார்த்தால் காற்றில் நிற்க இடமில்லை.
'ரோவெனா வீடு', 'தொடாதே', 'போலீஸ் வேன் 3',
யாருடையது என்று தெரியாத ஒரு பிரிண்டர்.
இருபத்துமூன்று பெயர்கள்,
மூன்றே தடமுள்ள ஒரு சந்தில்.
எதிர்வீட்டில் மைக்ரோவேவ் சுற்றத் தொடங்கினால்
அத்தனை பேருக்கும் வாய் அடைத்துப்போகும்.
லிஃப்டில் பனிக்காலணியைப் பார்த்தபடி இறங்குகிறவர்கள்
சுவருக்குள் இப்படித் தோளோடு தோள் உரசிக்கொண்டிருந்தோம்.

சந்தை விட்டு
ஐந்து கிகாஹெர்ட்ஸுக்குப் போனேன்.
அகலம் எண்பது.
இருநூற்று எழுபது வந்தது.
போதும் என்று படுத்திருக்கலாம்.

ஆனால் இணைப்பு வேகம்
நானூற்று முப்பத்துமூன்று என்று காட்டியது.
அட்டையின் விவரக்குறிப்பிலோ எண்ணூற்று அறுபத்தாறு.
பதினோரு வருஷம்
இன்ஷூரன்ஸ் இழப்பீட்டுக் கோப்பு பார்த்தவள் நான்.
பைசா பிசகாத சரிபாதி
ஒருநாளும் தற்செயல் இல்லை.

செகண்ட் ஹேண்ட் மடிக்கணினி. புதுசு போல என்றார்கள்.
அடியில் பதினோரு திருகு,
கழற்றக் கழற்ற அஞ்சறைப்பெட்டி மூடியில் போட்டேன்.
இந்த ஊர் ஜனவரியில்
ஸ்வெட்டர் கழற்றினாலே பொறி பறக்கும்.
குழாயைத் தொட்டேன், ஹீட்டரைத் தொட்டேன்,
இன்னொரு முறை குழாயை.
அப்புறம்தான் விரலை உள்ளே விட்டேன்.

பொட்டு அட்டை அளவுகூட இல்லை அந்த அட்டை.
கறுப்புக் கம்பி தன் இடத்தில்.
வெள்ளைக் கம்பி
ஒட்டுநாடாவுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.
எவனோ திறந்திருக்கிறான்.
எவனோ மூடும்போது போன் வந்திருக்கும்.

நகத்தால் அழுத்தினேன்.
வழுக்கியது. மறுபடி. வழுக்கியது.
மூன்றாவது முறை, டிக்.
மூக்குத்தித் திருகு பிடித்துக்கொள்ளும்போது
மூக்குக்கு மட்டும் கேட்குமே, அந்தச் சத்தம்.

எண்ணூற்று அறுபத்தாறு.
சோதித்தால் அறுநூற்றுப் பத்து.
ஆயிரம் இல்லை.
ஆயிரம் யாருக்கும் இல்லை போலிருக்கிறது.
"இதுக்கா இத்தனை நேரம்?" என்றார் நன்மாறன்,
போர்வைக்குள்ளிருந்து.
மணி மூன்றரை.
ஒரு திருகு மூடியிலேயே மிச்சம்.

திங்கள் காலை ஒன்பது மணிக் கூட்டம்.
மூன்று வருஷமாக நான்
சதுரம் சதுரமாகத் தெரிந்துகொண்டிருந்தவள்.
டார்லீன் திரைக்குக் கிட்டே வந்தாள்.
அட, உனக்குக் கன்னத்தில் மச்சம் இருக்கிறதா?
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
உதடும் குரலும் ஒன்றாகவே போய்ச் சேர்ந்தன.
அப்புறம் என் தோளுக்கு மேலே பார்த்தாள்.
சோபா. போர்வை.
போர்வைக்கு வெளியே ஒரு பாதம்,
அதன் சாக்ஸ் ஓட்டைவரை துல்லியம்.

உன் கணவரா? இன்றைக்கு லீவா?

முன்பென்றால் படம் உறைந்திருக்கும்.
கேட்கவில்லை, திரும்பச் சொல் என்றிருப்பேன்.
அதற்குள் ஒரு பதில் கிடைத்திருக்கும்.

ஆமாம் என்றேன்.
ஒரு நொடிகூடத் தாமதமில்லாமல்
போய்ச் சேர்ந்தது.