அளவு நாற்பத்து மூன்று

ஐஸ் உருகிய தண்ணீரில்தான் வழுக்கியது.
மண்டபம் நண்டுக் கம்பெனி, காலை பதினொன்று,
கச்சான் ஓய்ந்த முதல் வாரம், பெட்டி பெட்டியாக வரத்து.
விழுந்தபோது ஒன்றும் தெரியவில்லை.
எழப் பார்த்தபோதுதான்
வலது பாதம் என் பேச்சைக் கேட்காமல்
வெளிப்பக்கம் திரும்பி
வாசலைப் பார்த்துக் கிடந்தது.
தூக்க வந்த களஞ்சியத்திடம் சொன்னேன்:
"என்னைத் தொடாதே. கூடையை நிறு முதல்ல."

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
காலுக்குப் பட்டை சுற்றி, கட்டில் முனையில்
எடைக்கல் தொங்கவிட்டார்கள்.
பார்த்ததும் சொன்னேன், மூன்று கிலோ.
நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.
நான்கு நாள் அந்த மூன்று கிலோ
என்னை இழுத்துக்கொண்டே இருந்தது,
காப்பீட்டு அட்டைக்கு அனுமதி வரும்வரை,
சர்க்கரை இறங்கும்வரை,
மதுரையிலிருந்து இரும்பு வரும்வரை.

டாக்டர் ரிஸ்வானா படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
"தொடை எலும்போட தலை தனியா முறிஞ்சிருச்சும்மா.
இனி அதுக்கு ரத்தம் போகாது.
கிண்ணம் நல்லாயிருக்கு, அதைத் தொடலை.
பந்தை மட்டும் மாத்துறோம்."
பாதிதானா?
"பாதிதான்."
அப்போ பாதி விலையா?
சிரித்தார். விலை சொல்லவில்லை.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
ஆசாரி வேலை: ரம்பம், அப்புறம் சுத்தியல்.
பாம்பன் கரையில் வள்ளத்துக்கு ஆணி அறைகிற அதே தாளம்.
வலி இல்லை. மேசையோடு சேர்ந்து உடம்பு ஆடியது.
"நாப்பத்தொண்ணுல நுழையலை. நாப்பத்துமூணு குடு."
அளவு பார்க்கிறார்கள்.
ரவிக்கைக்கு அளவு கொடுத்திருக்கிறேன்,
கல்யாண மோதிரத்துக்கு ஒருமுறை.
காட்டுங்க, என்றேன்.
கோட்டைச்சாமி தயங்கி
எஃகுத் தட்டைத் துணிக்கு மேலே தூக்கினான்.
அறுபத்தாறு வருஷம் கூடவே இருந்து
ஒருநாளும் முகம் காட்டாத ஒன்று.
ஒரு பக்கம் மழமழவென்று.
மறுபக்கம் பிய்த்த ரொட்டி.
எங்கே போடுவீங்க?
யாரும் பதில் சொல்லவில்லை.

மறுநாளே நிற்க வைத்துவிட்டான் பெனிட்டோ.
சம்மணம் கூடாது. குந்தக் கூடாது.
கால்மேல் கால் கூடாது.
கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்கக் கூடாது.
வேறென்ன செய்ய?
"நடங்க."
கம்பெனியில் நண்டு தரையில், கூடை தரையில்,
உட்காரும் பலகை நாலு விரல் உயரம்.
கூலி மட்டும்தான் நின்று வாங்குவது.
முழங்கால் போடாவிட்டால்
சந்தியாகப்பர் பொறுத்துக்கொள்வார்.
மேஸ்திரி அருளப்பன்?

ராத்திரியில் கேட்கும்,
கேட்பதில்லை, ஆனாலும் கேட்கும்:
என் கிண்ணமும் ஊரான் பந்தும்
இன்னும் பழகவில்லை.

மூன்றாம் மாதம் போனேன்.
மேஸ்திரி என்னைக் காலிலிருந்து பார்த்தான்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என்னுடையதுதான்.
கால் ஒடிந்த நண்டை அப்படித்தான் பார்ப்பேன்,
ஒடிசல் என்று இடதுபக்கம் எறிவேன்,
பாதி விலை, ஏற்றுமதிக்கு ஆகாது.

ஒன்றும் பேசவில்லை.
காலிப் பெட்டி மூன்றைக் கவிழ்த்து அடுக்கச் சொன்னேன்.
உட்கார்ந்தேன்,
முழங்கால் இடுப்பைவிடத் தாழ. டாக்டர் கணக்கு.
"கூடைய மேல வை."
கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை.
ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது.
பிறகு களஞ்சியம் இன்னொரு பெட்டியை இழுத்தாள்.

சாயங்காலம் திரும்பினால்
அவளும் ஒரு பெட்டிமேல்.
"எனக்கும் முட்டி வலிதான்" என்றாள்
நண்டைப் பார்த்தபடி.