கயிறு தெரிகிற படங்கள்

போஹும் பழஞ்சாமான் சந்தையில்
ஒரு யூரோவுக்கு மூன்று படம்.
உறையில் இருக்கிற டைனோசர்
உள்ளே இருக்காது.
அது தெரிந்துதான் வாங்கினேன்.

இரவு வேலை முடிந்து,
ஆஸ்பத்திரிச் சமையலறை சூப் வாசம் கையை விடாமலிருக்க,
ஞாயிறு காலை சோபாவில் கால் நீட்டினால்
எனக்கு வேண்டியது இவ்வளவுதான்:
பள்ளிக்கூடப் பையோடு இரண்டு பிள்ளைகள்,
மூக்குக்கண்ணாடியில் கண்ணாடி இல்லாத ஒரு விஞ்ஞானி,
ஒரு கால இயந்திரம்.

இந்தப் படத்தில் அது
சலூனில் பெண்கள் தலை காயவைக்கிற தொப்பி.
கதிரையில் இருந்து தொப்பியை இறக்கி
மூன்று, இரண்டு, ஒன்று என்றால்
பாபிலோன்.

இயந்திரம் அதிரவேண்டும்.
அதிர்வதற்குக் காசில்லை.
பிள்ளைகள் தாங்களே உடம்பை உலுக்குகிறார்கள்.
பெட்டை கொஞ்சம் பிந்தித்தான் நிறுத்துகிறாள்.
அண்ணன்காரன் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டான்.

பாபிலோன் அரசனுக்கும் அவன் காவலாளிக்கும்
ஒரே மூக்கு.
ஆகையால் இருவரும் சந்திப்பதே இல்லை.
"காவலா!" என்று அரசன் கத்துவான்,
"வந்தேன் மன்னா!" என்று திரைச்சீலை பதில் சொல்லும்.
வாய் மூடி மூன்று நொடி கழித்து
வசனம் வந்து சேரும்.
அதுவும் ஒரு காலப் பயணம்தானே.

மகள் மிதுசா, பதின்மூன்று வயது,
கதவில் சாய்ந்து நின்று
"அம்மா, பறக்கிற சிங்கத்துக்குக் கயிறு தெரியுது" என்கிறாள்.
தெரியட்டும்.
கோடி கோடியாய்க் கொட்டிய படங்களில்
சிங்கத்தின் மயிரை ஒவ்வொன்றாய்க்
கணினி வாரிவிட்டிருக்கிறது.
அங்கே எனக்கு வேலை ஒன்றுமில்லை.
இங்கே அது பறக்கவேண்டுமென்றால்
நானும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கவேண்டும்.

ஜெர்மன் பாஷையையும் இதில்தான் பிடித்தேன்.
வந்த புதிதில் விசா புதுப்பிக்கப் போன இடத்தில்
"மாட்சிமை தாங்கிய பிரபுவே,
என் விண்ணப்பத்துக்குச் செவிசாய்ப்பீராக" என்றேன்.
குதிரைவீரர் படத்தில் அப்படித்தான் கதைத்தார்கள்.
அந்த மனிதர் பேனையை வைத்தார்,
எழும்பினார்,
இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார்.
பேந்து சொன்னார்,
பாஸ்போர்ட் படம் இரண்டு குறையுதென்று.

கடைசியில் ஓடுகிற பெயர்களையும் விடமாட்டேன்.
ஒளிப்பதிவு, சாண்ட்விச், சிங்கம்
மூன்றுக்கும் ஒரே ஆள்.
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்:
நன்றி, சலூன் றோஸ்விதா, ஹாகன்.

"ஹாகனோ? இந்த ஹாகனோ?"
மிதுசா இப்போது சோபாவில் இருந்தாள்.
எப்போது வந்தாளோ.

போன சனி போனோம்.
றெயினில் இருபது நிமிடம்,
றெயின் பிந்தியது நாற்பது.
சலூன் இல்லை, டோனர் கடை.
ஆனால் தரை!
கறுப்பு வெள்ளைக் கட்டம்,
மூலையில் வெடித்த ஒரு கல்,
அரசன் மகுடத்தைத் தவறவிட்டானே
அதே மூலை.

கடைக்காரரிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை.
மிதுசா இரண்டு பக்கமும் பார்த்தாள்,
வகுப்புப் பிள்ளைகள் ஒருவருமில்லை.
என் கையைப் பிடித்தாள்.
"மூன்று" என்றாள், எனக்கு மட்டும் கேட்க.
"இரண்டு."

உலுக்கினோம்.
கைப்பைக்குள் சில்லறை குலுங்கியது,
வரிசையில் முன்னால் நின்ற பெயின்ட் அடிக்கிறவர்
ஒரு அடி தள்ளி நின்றார்.
நான் கொஞ்சம் பிந்தித்தான் நிறுத்தினேன்.
மகள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இறங்கிய இடத்தில்
வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர்,
கையில் நீளக் கத்தி,
எங்களை ஏற இறங்கப் பார்த்து
அந்நாட்டு மொழியில் கேட்டார்:
"வெங்காயம் போடவோ?"